சோம்பல் என்னும் பொய்க்குற்றம்

வீடியோ கேம் ஒன்று வெளியான மறுநாளே அதன் பாத்திரங்கள் சுவருக்குள் புதைந்து நிற்பதையும், கார்கள் காரணமின்றி ஆகாயத்தில் எழும்புவதையும், பல இரவுகள் ஆடிச் சேர்த்துவைத்த ஆட்டம் ஒரு நொடியில் அழிந்துபோவதையும் கண்டு கொதிக்கிறவர்களின் வாயிலிருந்து முதலில் வரும் சொல் சோம்பல் என்பதாகவே இருக்கிறது. ஆட்டத்தை எழுதிய புரோகிராமர்களுக்குச் சிரத்தை இல்லை. அதைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. கேட்ரிட்ஜில் வந்த பழைய ஆட்டங்களில் இத்தகைய தோஷங்கள் கிடையா. இன்டர்நெட் வந்த பிறகு, விற்றுவிட்டு மெள்ளப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் அலட்சியம் இத்தொழிலில் குடிபுகுந்துவிட்டது. இந்த நான்கு வாக்கியங்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, விளையாடுவோரிடையே மட்டுமன்றி விமர்சகர்கள் சிலரிடையேயும் ஏறத்தாழ ஒரு சித்தாந்தத்தின் அந்தஸ்தை அடைந்திருக்கின்றன. கோபம் நியாயமானதுதான், முழு விலை கொடுத்தவன் முழுப் பொருளைக் கேட்பதை யார் ஆட்சேபிக்க முடியும்? ஆயினும் அந்தக் கோபம் போய்ச் சேருகிற விலாசம் தவறு என்பது என் கட்சி. வாங்கியவரைக் கொதிக்கவைக்கும் பிழைகளில் பெரியவை, பெரும்பாலும், கண்டறியப்பட்டு, எண்ணப்பட்டு, எழுத்தில் பதியப்பட்டு, அதன் பின்னரே வெளியே விடப்படுகின்றன. அவற்றை விடுவது என்று தீர்மானிப்பவரோ ஆட்டத்தை எழுதியவரும் அல்லர், சோதித்தவரும் அல்லர்.

சோதிப்பார் இல்லை என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரிய ஸ்தாபனங்களில் ஆட்டத்தைச் சோதிப்பதற்கென்றே தனி இலாகா உண்டு. அந்த இலாகாவின் டெஸ்டர்கள், ஒரே கதவை நூறு விதமாகத் திறந்து மூடுவதும், ஒரே சுவரின் ஒவ்வோர் அங்குலத்திலும் மோதிப் பார்ப்பதும், உரையாடலின் நடுவே கண்ட்ரோலரைப் பிடுங்கிவிட்டு என்ன ஆகிறதென்று கவனிப்பதுமாகப் பொழுதைக் கழிப்பவர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடுவது சுகமான உத்தியோகம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு வாரம் அதைச் செய்து பார்த்தால் தங்கள் அபிப்பிராயத்தைத் தாமே கைவிடுவார்கள். அவர்கள் காணும் ஒவ்வொரு பிழையும் ஓர் எண்ணைப் பெற்றுப் பதிவேட்டில் ஏறுகிறது: எந்த இடத்தில் நிகழ்ந்தது, என்ன செய்தால் மறுபடியும் நிகழும், பத்து முறை முயன்றால் எத்தனை முறை நிகழ்கிறது, அதனால் ஆட்டமே நின்றுபோகிறதா, கதை மேலே செல்லாமல் முட்டிக்கொள்கிறதா, அல்லது கண்ணுக்கு அவலட்சணம் என்பதோடு சரியா என்றெல்லாம் எழுதப்பட்டு, தரம் பிரிக்கப்படுகிறது. வெளியீட்டு நாள் நெருங்க நெருங்க, தயாரிப்பு நிர்வாகிகளும் இலாகாத் தலைவர்களும் கூடியிருந்து அந்தப் பதிவேட்டை வரிசையாகப் பார்த்து, இன்னதைத் திருத்துவது, இன்னதை விட்டுவிடுவது என்று தீர்ப்பளிக்கிறார்கள். 'திருத்தப்போவதில்லை' என்பது அங்கே மிகச் சாதாரணமாக வழங்கும் முத்திரை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கடைசி வாரத்தில் சிறு பிழை ஒன்றைத் திருத்தப்போய், வேறெங்கோ அதனினும் கொடிய பிழை ஒன்றைச் சிருஷ்டித்துவிடும் அபாயம் மெய்யானது. ஆதலால், தெரிந்த சிறு பிழையோடு போவது தெரியாத பெரும் பிழையோடு போவதைக் காட்டிலும் மேல் என்று அனுபவசாலிகள் கையை இழுத்துக்கொள்வது விவேகத்தின் பாற்பட்டதே. எப்படியானாலும், யாரும் பார்க்கவில்லை என்ற வாதத்துக்கு அந்தப் பதிவேடு ஒன்றே போதுமான மறுப்பாகும்.

பார்த்தவர்களுக்கு நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி; பெரும்பாலும் இல்லை. டெஸ்டர்கள் இத்தொழிலின் கடைசிப் படியில் நிற்பவர்கள்; குறைந்த ஊதியத்துக்கு, ஒப்பந்த காலத்துக்கு மட்டும் அமர்த்தப்படுகிறவர்கள் அவர்களில் அநேகர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரேவன் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தில், பெரும் வருமானம் ஈட்டிக்கொண்டிருந்த 'கால் ஆஃப் டூட்டி: வார்ஸோன்' ஆட்டத்தைச் சோதித்துவந்தவர்களில் பன்னிரண்டு பேர் 2021 டிசம்பரில் வேலைநீக்க அறிவிப்புப் பெற்றதும், மற்றவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறியதும், 2022 மே மாதத்தில் வாக்கெடுப்பு நடத்திச் சங்கம் அமைத்ததும் பத்திரிகைகளில் வந்த செய்திகள். அடுத்த மாதம் வேலை இருக்குமோ இராதோ என்ற நிலையில் வைக்கப்பட்டவர், 'இந்த ஆட்டம் இன்னும் ஆகவில்லை, நிறுத்துங்கள்' என்று பங்குதாரர் சபைக்கு ஆணையிடுவார் என்று எதிர்பார்ப்பது விசித்திரமான எதிர்பார்ப்பு.

இனி, சோம்பல் என்பதை ஒரு பிரசித்தமான வழக்கில் வைத்தே உரசிப் பார்ப்போம். போலந்துத் தலைநகரான வார்சாவில் உள்ள சிடி ப்ராஜெக்ட் என்னும் ஸ்தாபனம், 'விட்சர்' வரிசை ஆட்டங்களால் உலகப் புகழ் எய்தியது. 'சைபர்பங்க் 2077' என்ற தன் அடுத்த பெரிய ஆட்டத்தை 2012லேயே அறிவித்தது. 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஈ3 கண்காட்சியில், நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையேறிய ஆரவாரத்தினிடையே, ஆட்டம் 2020 ஏப்ரல் 16 அன்று வெளியாகும் என்று நாள் குறிக்கப்பட்டது. அந்த நாள் செப்டம்பர் 17க்கு ஒத்திப்போடப்பட்டது; பிறகு நவம்பர் 19க்கு; ஆட்டம் தட்டில் அச்சாகத் தயாராகிவிட்டது என்று அக்டோபர் தொடக்கத்தில் பறைசாற்றிய பிறகும், அந்த மாதம் 27ஆம் தேதி மூன்றாம் முறையாக டிசம்பர் 10க்கு. பழைய கன்சோல்கள், புதிய கன்சோல்கள், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கென ஒன்பது வடிவங்களை ஒரே சமயத்தில் சோதிக்கவேண்டியிருக்கிறது என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. கட்டாய மிகைநேர வேலை இராது என்று 2019ல் வாக்களித்திருந்த நிர்வாகமே, 2020 செப்டம்பர் இறுதியில், ஊழியர்கள் வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆறு நாள் உழைப்பவனைச் சோம்பேறி என்று அழைக்க வேண்டுமானால், அந்தச் சொல்லுக்கு அகராதியில் புதிய பொருள் எழுதவேண்டியிருக்கும்.

டிசம்பர் 10 வந்தது. 2013ல் வெளிவந்த ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய இயந்திரங்களில் அந்த ஆட்டம் தடுமாறியும், மங்கியும், அடிக்கடி நின்றும் போன கோலத்தைக் கண்டு உலகமே நகைத்தது. ஒரு வாரம் கழித்து சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்தே அகற்றி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் 21 வரை அது அங்கே மறுபடியும் விற்பனைக்கு வரவில்லை. இத்தனை பெரிய ஆட்டம் ஒன்றுக்கு இத்தகைய அவமானம் நேர்ந்தது மிக அபூர்வம்.

இங்கே என் கட்சிக்கு விரோதமான சாட்சி ஒருவர் இருக்கிறார். அவரை மறைப்பது யோக்கியமாகாது. அந்த ஸ்தாபனத்தை நிறுவியவர்களில் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி, 2021 ஜனவரியில் வெளியிட்ட மன்னிப்பு வீடியோவில், விளையாடியவர்கள் கண்ட குறைகளில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தென்படவில்லை என்று சொன்னார். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, டிசம்பர் 14 அன்று, முதலீட்டாளர்களோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், அதே ஸ்தாபனத்தின் இணைத் தலைவர் ஆதாம் கிச்சின்ஸ்கி சொன்னது என்ன? பழைய கன்சோல்களுக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்பதற்கான அறிகுறிகளைத் தாங்கள் புறக்கணித்துவிட்டதாகவும், வெளியிடுவதிலேயே நிர்வாகக் குழுவின் கவனம் மிகையாகக் குவிந்துவிட்டதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். அறிகுறி இல்லாமல் புறக்கணிப்பு ஏது? இரண்டு சாட்சியங்களில் எதை நம்புவது என்று கேட்டால், பொதுமக்களை நோக்கிப் பேசியதைவிட முதலீட்டாளர்களை நோக்கிப் பேசியதையே நான் நம்புவேன். பிந்தியதில் பொய் சொன்னால் வழக்கு வரும். (வழக்கு வரவும் செய்தது. அதைத் தொடுத்தவர்கள் அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கியவர்கள், 18.5 லட்சம் டாலருக்கு அது சமரசமாயிற்று.)

பழைய ஆட்டங்கள் குற்றமற்றவை என்ற நினைவு, பால்யத்தின் மேல் நமக்குள்ள வாஞ்சையால் பிறந்த பிரமை. 1980ல் ஜப்பானிலிருந்து வந்த 'பேக்-மேன்' ஆட்டத்தில் 256ஆம் கட்டத்தை எட்டியவர்கள், திரையின் வலப்பாதி முழுவதும் அர்த்தமற்ற எழுத்துக்களும் குறிகளும் சிதறிக்கிடந்து, மேலே ஆடவே முடியாமல் போனதைக் கண்டார்கள். கட்டங்களை எண்ணும் இடத்தில் 255க்கு மேல் எண்ண இடமில்லாததன் விளைவு அது. 1982ல் அட்டாரி கம்பெனி, ஸ்பீல்பர்க்கின் 'ஈ.டி.' படத்தை ஆட்டமாக்கும் உரிமையைக் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள டாலர்களுக்கு ஜூலைக் கடைசியில் வாங்கியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கேட்ரிட்ஜுகள் கடைக்கு வரவேண்டுமானால் செப்டம்பர் தொடக்கத்தில் ஆட்டம் முடிந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரு மனிதர் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் அதை எழுதி முடித்தார். குழியில் விழுவதும் ஏறுவதும் மறுபடி விழுவதுமாக அலுப்பூட்டிய அந்த ஆட்டத்தின் விற்காத பிரதிகள், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் மற்ற ஆட்டங்களோடு புதைக்கப்பட்டு, 2014ல் தோண்டி எடுக்கப்பட்டன. வார்ஷா திறமையற்றவரா? அதற்குச் சற்று முன்பு, பல மாத அவகாசத்தில் அவரே எழுதிய 'யார்ஸ் ரிவெஞ்ச்' அட்டாரியின் வெற்றிகரமான ஆட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. மனிதர் அவரே, கைகள் அவையே. வித்தியாசம் காலண்டரில் இருந்தது. அன்று இன்டர்நெட் வழியே திருத்தம் அனுப்பும் வசதி எதுவும் இல்லை என்பதையும், அது இல்லாமையால் அந்த ஆட்டம் ஒரு சிறிதும் மேம்பட்டுவிடவில்லை என்பதையும் பழமையைப் போற்றுவோர் மறந்துவிடுகிறார்கள்.

எனினும் அவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. பிழையோடு வெளியிடுவதற்குக் கொடுக்கவேண்டிய விலையை இன்டர்நெட் குறைத்துவிட்டது. ஆட்டம் தட்டில் அச்சாகிக் கடைக்குப் போய்ச் சேரும் அந்தச் சில வாரங்களில் வேலையைத் தொடர்ந்து, வெளியாகும் அன்றே திருத்தத்தை அனுப்பிவிடலாம் என்ற ஏற்பாடு வந்த பிறகு, 'முடிந்தது' என்று அறிவிக்கும் நாளுக்கும் மெய்யாக முடியும் நாளுக்கும் உள்ள இடைவெளி பெருகிவிட்டது. அந்த இடைவெளியைக் கடனாகப் பாவித்துச் செலவிடுவது நிர்வாகம்; கடனை அடைப்பது, ஓய்வில்லாமல் தொடர்ந்து வேலை செய்யும் அதே புரோகிராமர்கள். வசதியைக் கண்டுபிடித்தவன் மேல் அலட்சியத்தை ஏற்றுவது எந்தத் தர்க்கத்தில் சேர்ந்தது?

இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டம் இருக்கிறது. தொழிலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட புரோகிராமில் பிழை இருந்தே தீரும், அது இயற்கை நியதி, குற்றவாளி என்று எவரும் இல்லை என்பது அவர்கள் வாதம். தோற்றத்தில் ஞானம்போல் இருக்கும் இந்த வாதம்தான், என் நோக்கில், முன்னதைவிட அபாயகரமானது. அதில் பாதி சரி. கம்ப்யூட்டரில் ஆடியவர்களுக்குச் சைபர்பங்க் ஆட்டத்தின் சேமிப்புக் கோப்பு 8 மெகாபைட் அளவைத் தாண்டினால் கெட்டுப்போயிற்று. பொருள்களை மலைபோல் குவித்துவைக்கும் சுபாவமுள்ளவர்கள் நெடுநேரம் ஆடிய பின்னரே வெளிப்படக்கூடிய இப்படிப்பட்ட பிழை எத்தனை பேர் சோதித்தாலும் தப்பிவிடலாம், அந்த டிசம்பர் மாதத்துக்குள்ளேயே திருத்தவும் பட்டது. அதற்காக நான் யாரையும் கூண்டில் ஏற்றமாட்டேன். 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' என்ற 2013ஆம் வருஷத்து ஆட்டத்தின் கோப்பு ஒன்றில் ஒரேயொரு எழுத்து மிகையாக விழுந்திருந்ததையும், அதை நீக்கினால் பகைப் பிராணிகளின் நடத்தை சீர்ப்படுவதையும் வெளியார் கண்டுபிடித்து, அது 2018ல் ஊரறிந்த செய்தியாயிற்று, அது கலப்பற்ற கவனக்குறைவு, எந்தத் தொழிலிலும் நிகழ்வது. ஆனால் ப்ளேஸ்டேஷன் 4ல் நேர்ந்தது இந்த ஜாதியைச் சேர்ந்ததா? காரில் வேகமாகச் செல்லும்போது வழியிலுள்ள நகரத்தின் காட்சிகளைப் பழைய இயந்திரத்தின் மந்தமான ஹார்டு டிஸ்கிலிருந்து கணந்தோறும் இழுத்துத் தரவேண்டியிருந்ததே இடர்ப்பாட்டின் மூலம் என்று இவின்ஸ்கியே விளக்கினார். அது மூலையில் ஒளிந்திருந்த பிழை அன்று. இயந்திரத்தைப் போட்டுச் சற்று நேரம் தெருவில் ஓட்டிப் பார்த்தாலே முகத்தில் அறையும் தோஷம். தவிர்க்க முடியாத பிழைகளின் முதுகுக்குப் பின்னால், தவிர்க்க விரும்பாத பிழைகளை ஒளித்துவைப்பதற்கே இயற்கை நியதி என்ற பெரும்பேச்சு பயன்படுகிறது.

அப்படியானால் விரும்பாததன் காரணம் யாது? முகூர்த்தம் குறித்துப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்துவிட்ட கல்யாணத்தில், சமையல் ஆகவில்லை என்று சமையற்காரர் சொல்லும் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவே மதிப்பு, விளம்பரம் முடிந்த ஆட்டத்தில் புரோகிராமர் சொல்லும் வார்த்தைக்கும். மூன்று முறை நாள் தள்ளியாயிற்று, கிறிஸ்துமஸ் வருகிறது, புதிய கன்சோல்கள் நவம்பரில் வந்துவிட்டன, பழையவற்றின் சந்தை நாளுக்கு நாள் சுருங்கும், வார்சா பங்குச் சந்தை காத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 80 லட்சம் பேர் ஆட்டத்தைக் காணாமலே முன்பதிவு செய்திருந்தார்கள். அந்த முன்பதிவுகளிலிருந்து தனக்கு வரவேண்டிய தொகை, ஆட்டத்தைத் தயாரித்த மொத்தச் செலவையும் அந்த ஆண்டின் விளம்பரச் செலவையும் சேர்த்தாலும் அதைத் தாண்டிவிட்டது என்று அந்த ஸ்தாபனமே வெளியீட்டை ஒட்டி அறிவித்தது. பொருளை ஒருவரும் தொட்டுப் பார்க்கும் முன்னரே போட்ட முதல் வந்துவிடும் வியாபாரத்தில், பொருள் நன்றாயிருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எங்கிருந்து பிறக்கும்?

அது பிறக்கக்கூடிய ஒரே இடம் விமர்சகர்களின் பேனா. அந்த வாசலும் ஜாக்கிரதையாகக் காக்கப்பட்டது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆடும் வடிவம் மட்டும் தரப்பட்டது. தாங்கள் ஆடிய காட்சிகளை வீடியோவில் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை, கம்பெனி கொடுத்த காட்சிகளையே காட்டவேண்டும். பழைய கன்சோல்களில் ஆட்டம் வியக்கும்படி நன்றாக ஓடுகிறது என்று நவம்பரில் முதலீட்டாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சோதிக்க ஆளில்லாத, பிழை தெரியாத ஸ்தாபனம் எதையும் ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்த வடிவத்தைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது என்று இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்தவர்கள், எது எப்படி இருந்தது என்பதை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது.

கன்சோல் கம்பெனிகள் அனுமதி கொடுத்தனவே, அவை ஏன் தடுக்கவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனை ஆட்டத்தின் தரத்தை அளக்க ஏற்பட்டது அன்று. சேமிப்புக் கோப்பை ஒழுங்காகக் கையாளுகிறதா, கண்ட்ரோலர் துண்டிக்கப்பட்டால் உரிய அறிவிப்பைக் காட்டுகிறதா என்பன போன்ற இயந்திர விதிகளைப் பார்ப்பது அதன் முக்கிய வேலை. அதிலும், வெளியீட்டுக்குள் குறைகளைச் சரிசெய்துவிடுவோம் என்று எங்களை நம்பியிருப்பார்கள் என ஊகிக்கிறேன் என்று அந்த டிசம்பர்க் கூட்டத்தில் சிடி ப்ராஜெக்ட் நிர்வாகி ஒருவர் பேசினார். நம்பிக்கையைத் தேர்வாகக் கொள்ளும் பரீட்சையில் தோற்பவர் யார்!

பிழையின் பளு யார் தலையில் இறங்குகிறது என்பதற்கு இன்னொரு வழக்கம் சான்று. அமெரிக்காவில் ஆப்சிடியன் நிறுவனம் சுமார் பதினெட்டே மாதத்தில் எழுதிக்கொடுத்து, பெதெஸ்டா 2010 அக்டோபரில் வெளியிட்ட 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்', விமர்சனங்களின் சராசரியைக் கணக்கிடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 புள்ளி பெற்றால் எழுதியவர்களுக்குப் போனஸ் உண்டு என்று ஒப்பந்தம், பெற்றது 84. கதையையும் உலகையும் புகழ்ந்த விமர்சகர்கள் பிழைகளுக்காகவே புள்ளியைக் குறைத்தார்கள். கால அவகாசத்தை நிர்ணயித்தவர் ஒருவர், அவகாசம் போதாமையின் தண்டனையைப் பெற்றவர் வேறொருவர்.

அவகாசத்தைத் தன் கையில் வைத்திருப்பவன் என்ன செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இல்லாமல் இல்லை. நின்டெண்டோவின் 'செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' ஆட்டத்தை 2022 மார்ச்சில் ஓராண்டு தள்ளிவைத்தார்கள்; அப்போதே ஆட்டம் ஏறத்தாழ முடிந்திருந்தது என்றும், அந்த ஆண்டு முழுவதும் மெருகேற்றுவதற்கே செலவாயிற்று என்றும் அதன் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா பின்னர் கூறினார். ஆட்டமும் அவர்களுடையது, அது ஓடும் கன்சோலும் அவர்களுடையது, ஒரு வருஷம் பொறுக்கும் பணமும் அவர்களிடம் உண்டு. 2023 மே மாதம் வெளியானபோது, எண்ணற்ற பொருள்களை ஒன்றோடொன்று ஒட்டி எதையும் செய்துகொள்ளலாம் என்ற அந்த விபரீதமான உலகம், நொறுங்காமல் நின்றது. பொருள்களை இரட்டிப்பாக்கும் பிழை ஒன்று இருந்தது, அந்த மாதமே திருத்தினார்கள். குற்றமற்ற ஆட்டம் உலகில் இல்லை என்று நான் முன்னமே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஓர் ஆட்சேபணை. சைபர்பங்க் பிறகு திருத்தப்பட்டதல்லவா, 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்துக்குப் பின் எல்லோரும் கொண்டாடுகிறார்களல்லவா, ஆகவே கெட்டுப்போனது என்ன என்று கேட்பவர்கள் உண்டு. திருத்தப்பட்டது மெய், திருத்தியதும் சோம்பேறிகள் என்று ஏசப்பட்ட அதே ஸ்தாபனத்தின் ஊழியர்கள்தாம், தாங்கள் கேட்டுக் கிடைக்காத ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்தபோது. ஆனால் அந்த 2.0 யாருக்கு வந்தது? கம்ப்யூட்டருக்கும் புதிய கன்சோல்களுக்கும் மட்டும். பழைய கன்சோல்களுக்கு இனிப் பெரிய திருத்தம் இல்லை என்று 2022 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே, முன்பணம் கட்டி, முதல் நாளே வாங்கி, உடைந்த நகரத்தில் ஓட்டிப் பார்த்து, பணத்தைத் திருப்பிக் கேட்காமல் நம்பிக் காத்திருந்த ப்ளேஸ்டேஷன் 4 காரர், அந்தச் சீர்ப்பட்ட ஆட்டத்தைக் காண வேண்டுமானால் புதிய இயந்திரம் ஒன்றை விலை கொடுத்து வாங்கவேண்டும்.